ஷாலுவைப் பழி தீர்த்தவள்

கதையை நான் சொல்லிவிடுகிறேன். தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள்.

அருப்புக்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தவள் தமயந்தி. எப்பேர்ப்பட்ட கையானாலும் முதல் குத்திலேயே நரம்பைப் பிடித்துவிடுவாள் என்று ஊரில் பெயர். கணவர் லாரி ஓட்டுநர்; கிளம்பினால் வீடு திரும்பப் பத்துப் பதினைந்து நாள் ஆகும். ஒரே மகள் தர்ஷிகா, ஒன்பதாம் வகுப்பு.

அந்த ஆடி மாதம் தர்ஷிகா சரியாகச் சாப்பிடவில்லை. செல்போன் அதிர்ந்தால் அவள் உடம்பும் நடுங்கியது. தமயந்தி அதட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தலையைக் கோதிக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் மகளே போனை நீட்டினாள்.

ஷாலு என்றொரு தோழி. மதுரையில் பத்தாம் வகுப்பு படிப்பதாகச் சொல்லி இணையத்தில் பழக்கமானவள். நான்கு மாதத்தில் இருவரும் பேசாத பேச்சில்லை. வகுப்பில் யாரைப் பிடிக்கும், அப்பாவோடு என்ன சண்டை, எல்லாம் ஷாலுவுக்குத் தெரியும். அந்த ஷாலுதான் ஒருநாள் தர்ஷிகாவின் முகத்தை வேறு யாருடைய உடம்பிலோ ஒட்டி ஒரு படம் அனுப்பினாள். கூடவே இரண்டு வரி: 'நான் சொல்ற மாதிரி படம் எடுத்து அனுப்பு. இல்லன்னா இது உன் ஸ்கூல் குரூப்புக்குப் போகும்.'

"நான் ஒண்ணும் அனுப்பலம்மா," என்ற தர்ஷிகா, தாயின் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். "அப்பாகிட்ட சொல்லக் கூடாது. போலீசுக்கும் போகக் கூடாது. சத்தியம் பண்ணு."

தமயந்தி சத்தியம் செய்தாள். செய்யும்போதே அவள் கண் அந்தப் படத்தில் நின்றது. முகத்தில் ஒரு காதில் மட்டும்தான் தோடு இருந்தது. உதவித்தொகை விண்ணப்பத்துக்குப் படம் எடுக்கப் போன அன்று மகள் ஒரு தோட்டைத் தொலைத்திருந்தாள். அந்தப் படத்தை எடுத்ததும், செல் நம்பரைக் கேட்டுப் படிவத்தை நிரப்பியதும் பஸ் நிலையத்துக்குப் பின்னால் கம்ப்யூட்டர் சென்டர் நடத்திய சந்தானகுமார். விண்ணப்பத்தைத் தவிர, படம் இருந்த இடம் அவன் கம்ப்யூட்டர் ஒன்றுதான்.

"ஷாலுகிட்ட காய்ச்சல்னு சொல்லி ஒரு வாரம் டைம் கேளு. எதையும் அழிச்சிடாத," என்று மட்டும் மகளிடம் சொன்னாள்.

திங்கட்கிழமை காலை சந்தானகுமாரே சர்க்கரை பார்க்க வந்து, அவள் முன்னால் கையை நீட்டி உட்கார்ந்தான்.

"வணக்கம்க்கா. பாப்பா நல்லாப் படிக்குதா?"

"படிக்குது," என்றாள் தமயந்தி. நரம்பு புடைத்துத் தெரிந்தது. ஐந்து முறை குத்தினாள். ஐந்தும் தப்பின. "இன்னிக்கு நரம்பு கிடைக்க மாட்டேங்குது."

"பரவால்லக்கா, நிதானமா எடுங்க."

ஐந்து குத்து அவளுக்குப் போதவில்லை. அவன் தலைநிமிர்ந்து நடக்கக் கூடாது; அவன் வீட்டில் அவனுக்குச் சோறு இறங்கக் கூடாது. விருதுநகருக்குப் போய் அவன் முகத்தைப் போட்டு, 'பெண்பிள்ளைகளைப் படம் காட்டி மிரட்டுபவன்' என்று இருநூறு சுவரொட்டி அடித்து வந்தாள். ஒட்டுவதற்கு முன், அவன் கடையில் இருக்கும் நேரம் பார்த்து அவன் வீட்டுக்குப் போனாள். பெண்டாட்டி பதறுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அத்தனை ஆத்திரம்.

அவன் மனைவி கோமளா சுவரொட்டியை வாங்கிப் படித்தாள். தமயந்தி சொன்னதையெல்லாம் கேட்டாள். அழவில்லை.

"ஒட்டிட்டீங்களா?"

"நாளைக்கு."

"ஒட்டாதீங்கக்கா. இதைப் பார்த்த நிமிஷமே எல்லாத்தையும் அழிச்சிட்டு யோக்கியனா வந்து நிப்பாரு. ரெண்டு நாள் குடுங்க."

"புருஷனக் காப்பாத்தப் பாக்குறியா?"

"எனக்கும் எட்டு வயசுல ஒரு பொண்ணு இருக்கு," என்றாள் கோமளா.

தமயந்தி அவளை நம்பவில்லை. ஆனாலும் இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரொட்டிகளைக் கட்டிலடியில் வைத்திருந்தாள்.

இரண்டாம் நாள் மதியம் சாப்பிட்டுவிட்டுச் சந்தானகுமார் அயர்ந்து தூங்கினான். கோமளா அவன் விரலை எடுத்து அவன் போனில் வைத்தாள். திறந்தது. ஷாலு உள்ளே இருந்தாள். ஷாலுவிடம் சிக்கிய பதினொரு பெண்பிள்ளைகளும் பெயர் பெயராக இருந்தார்கள். கோமளா கதவை வெளியே பூட்டினாள். ஆட்டோ பிடித்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போய்ப் போனையும் சாவியையும் மேசைமேல் வைத்தாள்.

பொழுது சாய்வதற்குள் அவனைப் பிடித்துவிட்டார்கள். ஆனால் அவன் வக்கீல், "கடைப் போன், யார் யாரோ எடுப்பார்கள்," என்று ஆரம்பித்தார். மகளிர் காவல் நிலைய இன்ஸ்பெக்டரம்மா தேடிப் போன பத்து வீடுகளிலும், "அது எங்க பொண்ணு இல்ல," என்று கதவைச் சாத்தினார்கள். பதினோராவது வீட்டில் தமயந்தி வாய் திறக்க முடியாமல் நின்றாள்.

"ஒரு பிள்ளையாவது பேசினாத்தான் கேஸ் பலமா நிக்கும்," என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டரம்மா கிளம்பினார்.

தர்ஷிகா உள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "நீ சத்தியத்த மீற வேண்டாம்மா," என்றாள். "நான் யாருக்கும் சத்தியம் பண்ணல."

அன்றே அப்பாவுக்குப் போன் செய்து அவளே சொன்னாள். மறுநாள் இன்ஸ்பெக்டர் சீருடை இல்லாமல் மறுபடி வீட்டுக்கு வந்தார். தர்ஷிகா இரண்டு மணி நேரம் பேசினாள். சேர்த்து வைத்திருந்த மிரட்டல்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள். அவள் குரல் ஓரிடத்தில்கூட உடையவில்லை.

கண்டுபிடித்தவள் தாய். காட்டிக் கொடுத்தவள் மனைவி. வாய் திறந்தவள் மகள். மூவருக்கும் அவன்மேல் தீராத வஞ்சம் இருந்தது. இவர்களில் அவனைப் பழி தீர்த்தவள் யார்?

விடை: கோமளா என்று பலர் சொல்வார்கள், தன் வாழ்க்கையையே பணயம் வைத்தவள் அவள், மறுப்பதற்கில்லை. தமயந்தி கண்டுபிடிக்காவிட்டால் கோமளாவுக்குச் செய்தியே போயிருக்காது, அதுவும் உண்மை. ஆனால் சந்தானகுமார் நம்பியிருந்தது தாயையோ மனைவியையோ அல்ல. வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்வார்கள் என்று அந்தப் பிள்ளைகளைத்தான் நம்பியிருந்தான். அந்த நம்பிக்கையில் மண்ணைப் போட்டவள் தர்ஷிகா. ஆகவே பழி தீர்த்தவள் அவளே. ஒரு பிள்ளை பேசிவிட்டாள் என்று காதோடு காதாகச் செய்தி பரவிய அந்த வாரத்திலேயே, கதவைச் சாத்திய பத்து வீடுகளில் நான்கு திறந்தன. சந்தானகுமாருக்கு ஜாமீன் கிடைக்கவில்லை.