ஏட்டின் கடைசியில் ஒரு பெயர்

இந்தக் கதையை நான் நேராகக் கேட்கவில்லை. எங்கள் பதிப்பகத்தில் பக்கம் வடிவமைக்கும் பரிமளா அக்காவுக்கு யாரோ சொன்னது. புத்தகத்தின் கடைசியில், அதை உருவாக்கியவர்களைப் பற்றி வரும் சிறு குறிப்புக்கு ஆங்கிலத்தில் கொலஃபன் என்று பெயர். அந்த வழக்கம் எப்படி வந்தது என்று கேட்டேன். அவர் சொன்னது இது.

அந்தக் காலத்தில் விலங்குகளும் பறவைகளும் பேசின. மரங்கொத்தி எழுதவும் செய்தது. ஆமையின் மருந்துச் சுவடியைப் பார்த்து, ஓலையில் அலகால் கீறிப் படியெடுத்துக் கொடுப்பது அதன் தொழில். படியெடுத்தவர் பெயரை யாரும் எழுதுவதில்லை.

ஒரு நாள் காலையில் அணில் ஒரு படி வாங்கிப் போனது. அதன் குட்டிக்குக் கடும் காய்ச்சல். அணில் போன பிறகுதான் மரங்கொத்தி மூலச் சுவடியை மறுபடி பார்த்தது. ஒரு வரி விட்டுப்போயிருந்தது: 'வேரின் தோலைச் சீவாமல் கொடுத்தால் உயிர் போகும்.'

பக்கத்துக் கிளையில் இருந்த காகம் சொன்னது: "பேசாமல் இரு. அதில் உன் பெயரா இருக்கிறது? கேட்டால் கிளி எழுதியது என்று சொல்லிவிடு. ஒத்துக்கொண்டால் நாளைக்கு உன்னிடம் எவன் வருவான்?"

மரங்கொத்திக்கு வேறு தொழில் தெரியாது. இருந்தும் பறந்தது.

அணில் வேரை அரைத்து முடித்து, குட்டியின் வாயைத் திறந்துகொண்டிருந்தது.

"அக்கா, கொடுக்காதே! ஒரு வரியை விட்டுவிட்டேன்."

அணில் மருந்தைத் தரையில் கொட்டியது. "பாவி! கொஞ்சம் பிந்தியிருந்தால்? இதே படியை இன்னும் எத்தனை பேருக்குக் கொடுத்தாய்?"

"இது ஒன்றுதான். மற்றதையெல்லாம் இனிமேல்தான் எழுத வேண்டும்."

"அதிலும் எதையாவது விடுவாய். அவர்கள் உன்னை எங்கே போய்த் தேடுவார்கள்? எழுது, உன் பெயரை. மரத்தையும் சேர்த்து எழுது."

மரங்கொத்தி கடைசி ஓலையில் கீறியது: 'எழுதியது மரங்கொத்தி. ஆற்றங்கரை மருதமரம். பிழை கண்டால் வந்து திட்டவும்.' பிறகு விட்ட வரியையும் சேர்த்தது. அணில் வேரின் தோலைச் சீவி, புதிதாக அரைத்துக் கொடுத்தது. மாலையில் குட்டி கண் திறந்தது.

மறுநாள் மருதமரத்தடியில் முயல், கீரி, உடும்பு எல்லாம் வரிசையில் நின்றன. "பெயர் போட்ட ஏடுதான் வேண்டும்" என்றன.

ஏட்டை முடிக்கும்போது எழுதியவர் பெயரையும் இடத்தையும் சொல்லும் வழக்கம் அன்றைக்குத் தொடங்கியதுதான்.

பிறகு நான் அகராதியைப் பார்த்தேன். கொலஃபன் கிரேக்கச் சொல்; உச்சி, முடிவு என்று பொருள். மரங்கொத்தியைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. ஆனால் நம் ஓலைச்சுவடிகள் சிலவற்றின் கடைசியில் படியெடுத்தவர் தம் பெயரை எழுதி, பிழை பொறுக்கும்படி கேட்டிருக்கிறார். அது உண்மை.