இறக்கையில் மிதித்த தடம்

குரு என்றதும் தாடியும் காவியும் கண்ணுக்குள் வந்து நின்றால் தயவுசெய்து துடைத்துவிடுங்கள். இந்தக் கதையில் குரு தமயந்தி. வயது முப்பத்தைந்தைத் தாண்டாது. கோயம்புத்தூரில் பல் டாக்டர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுப்பது அவள் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமையானால் அதே மேசையில் பிளாஸ்டிக் போர் விமானங்களை ஒட்டி, வண்ணம் அடித்து, பறந்து தேய்ந்தவை போலப் பழசாக்குவாள்.

சீடர் சென்னியப்பன். அவளுக்கு அப்பா வயது. அவராகத்தான் வந்து, சொல்லிக் கொடுங்கள் என்று நின்றார்.

அவர் கொண்டுவந்த பெட்டியில் இருந்தது ஒரு பயிற்சி விமானம். விமானப்படையில் அவர் மகன் பூபதி ஓட்டியதும் அதே ரகம்தான். போன ஐப்பசியில் மழை மேகத்துக்குள் போனவன் திரும்பவில்லை. வருஷம் திரும்புவதற்குள் இதை முடித்து அவன் படத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். அவர் மனைவி அலமாரியில் இடம்கூட ஒதுக்கிவிட்டாள்.

ஒட்டுகிற வேலையெல்லாம் மனுஷன் சுத்தமாகச் செய்தார். அழுக்கு வைக்கச் சொன்னபோதுதான் முரண்டு பிடித்தார்.

"புதுசாவே இருந்துட்டுப் போகட்டுமுங்க அம்மிணி. அதுமேல எதுக்குக் கரியைப் பூசோணும்?"

தமயந்தி இழுப்பறையைத் திறந்து அவர் உள்ளங்கையில் இரண்டு பற்களை வைத்தாள். ஒன்று வெள்ளைவெளேரென்று இருந்தது. இன்னொன்றின் அடியில் லேசான மஞ்சள், ஓரத்தில் காப்பிக் கறை.

"இதுல எதுங்கய்யா வாயில இருந்த பல்லு?"

அவர் கறைப் பல்லைக் காட்டினார்.

"ரெண்டுமே நேத்து நான் செஞ்சதுங்க."

அவர் பற்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தூரிகையை எடுத்தார். புகைக்குழாய்க்குப் பின்னால் கரியைத் தடவினார். எண்ணெய்க் கசிவைக் காற்று போகிற பக்கமாகப் பின்னுக்கு இழுத்தார். வெயிலில் வெளுத்த மாதிரி மேலெல்லாம் ஒரு மெல்லிய பூச்சுக் கொடுத்தார். பார்க்கப் பார்க்க அது பொம்மை என்கிற நினைப்பே போய்விட்டது. அது அவருக்கு நல்லதா கெட்டதா என்று தமயந்திக்குச் சொல்லத் தெரியவில்லை.

கடைசியாக மிஞ்சியது இடது இறக்கையின் மேல்பக்கம், விமானத்தின் உடம்போடு அது சேருகிற இடம். விமானி அங்கே மிதித்துத்தான் உள்ளே ஏறுவான், அங்கே மிதித்துத்தான் இறங்குவான். பூட்ஸ் பட்டுப் பட்டு வண்ணம் உதிர்ந்து, உள்ளே இருக்கிற தகடு தெரியும். அதைக் காட்ட ஒரு துணுக்கு ஸ்பாஞ்சை வெள்ளி வண்ணத்தில் தொட்டு, பழைய பேப்பரில் தட்டிவிட்டு, லேசாக ஒத்தி எடுத்தால் போதும். ஓர் ஒத்தல், ஒரு மிதி.

"இதை வீட்ல வெச்சுப் பண்ணிக்கறேனுங்க" என்று எடுத்துக்கொண்டு போனவர்தான். அப்புறம் ஆளையே காணோம்.

மறுபடி வந்தது நல்ல மழையில். விமானத்தை மேசையில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்து உட்கார்ந்துகொண்டார். அடையாளம் தெரியாத அளவுக்கு இளைத்திருந்தார். தமயந்தி விமானத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். இறக்கைமேல் தேய்மானம் அச்சு அசலாக வந்திருந்தது. நடுவில் மட்டும் ஒரு பள்ளம். கத்தியால் நோண்டி, வண்ணத்தைத் தாண்டி, பிளாஸ்டிக்கே பிய்ந்து கிடந்தது.

"இது என்னங்கய்யா?"

"கடைசியா ஏறினதுங்க."

அவள் பள்ளத்தை விளக்குக்கு நேராகப் பிடித்தாள்.

"மத்ததெல்லாம் ஏறி இறங்கினது. இது ஏறினதோட சரி. மத்ததாட்ட இதுவும் எப்படீங்க இருக்கும்? எத்தனை தடவை வெச்சாலும் பத்தலை. அழுத்தி அழுத்தி இப்படி ஆயிப்போச்சு."

"சரிங்க."

"ஊர்லயே ஏதாச்சும் வேலை பார்த்துக்கறேன்னுதானுங்க சொன்னான். நான்தான் விடலை. பெருமைக்கு விமானப்படையில பிடிச்சுத் தள்ளி விட்டேன். அன்னைக்கு மேகத்தைப் பார்த்துட்டு, பயந்துட்டே ஏறினானோ என்னமோ. அது ஒண்ணுதான் என்னைத் தின்னுட்டு இருக்குதுங்க. பயம் இருந்திருந்தா கால் அழுத்தித்தானே விழுந்திருக்கும்? நீங்க சொல்லுங்க அம்மிணி. அந்த மிதி எப்படி இருந்திருக்கும்?"

தமயந்திக்கு ஆறுதல் சொல்லி எல்லாம் பழக்கமில்லை. பள்ளத்தில் பட்டி வைத்து அடைத்தாள். காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். மேலே விமானத்தின் சாம்பல் நிறத்தை அடித்தாள். அது காய்கிற வரைக்கும் இருவரும் மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வாங்கி வைத்த டீ அப்படியே ஆறிப்போனது. அடைத்த இடம் மட்டும் பழைய சட்டையில் வைத்த புதுத் துணி ஒட்டு மாதிரி பளிச்சென்று தெரிந்தது.

"சாரல் உள்ளே அடிக்குதுங்கய்யா. அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்க."

அவர் எழுந்து போனார். ஜன்னல் பலகை மழையில் ஊறி உப்பியிருந்தது. மல்லுக்கட்டிச் சாத்திவிட்டுத் திரும்பியபோது அவள் ஸ்பாஞ்சைக் கீழே வைத்துக்கொண்டிருந்தாள்.

"கடைசி மிதியை வெச்சுட்டேனுங்கய்யா. எதுன்னு பாருங்க."

சென்னியப்பன் கண்ணாடியை மாட்டினார். அவளுடைய பூதக்கண்ணாடியையும் வாங்கிப் பிடித்தார். சாய்த்துப் பார்த்தார். விளக்குக்குக் கீழே கொண்டுபோய்ப் பார்த்தார். விரல் நுனியால் மெல்லத் தடவியும் பார்த்தார். பள்ளம் இருந்த இடமே அவருக்குப் பிடிபடவில்லை.

"தெரியலீங்களே அம்மிணி. எல்லாம் ஒண்ணாட்டவே இருக்குது."

"அன்னைக்கு ஏறும்போது உங்க பையனுக்கும் அப்படித்தானுங்கய்யா இருந்திருக்கும்."