நாரையாற்றின் வாயை அடைத்தது யார்?

சோறு சாப்பிடுகிறவர்கள் எல்லாரும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள். இது உங்கள் கதை.

ராஜாக்கள் யானைமேல் போன காலத்தில் நாரையாறு என்று ஓர் ஆறு இருந்தது. மலையில் பிறந்து, காட்டில் குதித்து, சமவெளிக்கு வந்ததும் அலுத்துப்போய், பல கிளையாகப் பிரிந்து கடலைப் பார்த்து நகரும். அந்தப் பூமி சாப்பாட்டுத் தட்டு மாதிரி ஒரே மட்டம். எந்தப் பக்கம் போவது என்று தண்ணீருக்கே குழப்பம் வரும்!

அதில் ஒரு கிளையில் இரண்டு ஊர்கள். தண்ணீர் முதலில் வந்து சேரும் தலைமடையில் வாளைமங்கலம். கடற்கரை ஓரம், கடைமடையில் நண்டலாங்குடி.

வாளைமங்கலத்து மணியக்காரர் பெயர் கலியபெருமாள். நல்ல மனிதர்தான், பொய் சொல்லக்கூடாது. வழிப்போக்கர் வந்தால் இலை போட்டுச் சாப்பிட வைப்பார். தண்ணீர் விஷயத்தில் மட்டும் மனிதருக்குக் கண் தெரியாது. ஆடியில் புதுத்தண்ணீர் வந்ததும் ஆற்றின் குறுக்கே மூங்கில் குத்தி, வைக்கோலும் களிமண்ணும் திணித்துக் கொரம்பு போட்டுவிடுவார். அந்த அடைப்பைத் தாண்டி ஒரு சொட்டு கீழே போகாது.

நண்டலாங்குடியில் காத்தாயி என்று ஒருத்தி. எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைத்து மடை திறக்கிறவள் அவள்தான். அந்த வருஷம் ஊருக்கே சேர்த்து நாற்று விட்டிருந்தாள். ஏற்கெனவே இரண்டு வருஷம் விளைச்சல் இல்லை. இந்த வருஷமும் போனால் ஊரைக் காலிபண்ணிவிட்டு எங்கேயாவது பிழைக்கப் போவது என்று எல்லாரும் முடிவு செய்திருந்தார்கள். அதனால் காத்தாயி சும்மா இருக்கவில்லை.

அரை நாள் நடந்து வாளைமங்கலம் போனாள். "ஐயா, நாற்றங்கால் வெடிச்சுப் போச்சு. கொஞ்சம் தண்ணி விடுங்க" என்றாள்.

"எங்க நடவு முடியட்டும்மா" என்றார் கலியபெருமாள்.

நடவு முடிந்தது. மறுபடி போனாள். "பயிர் வேர் பிடிக்கட்டும்மா" என்றார்.

வேரும் பிடித்தது. மூன்றாம் முறை போனாள். மனிதர் தாடையைச் சொறிந்துகொண்டு, "வயல் நிறைஞ்சு நின்னா பார்க்க எவ்வளவு அழகா இருக்கு பாரு!" என்றார்.

காத்தாயிக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. வழியெல்லாம் அவரை வாயாரத் திட்டிக்கொண்டே வீடு வந்தாள். அதற்குள் நாற்று கருகிப்போயிருந்தது.

ஐப்பசி பிறந்தது. அடேயப்பா, அது மழையா! வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. கொரம்பு பிய்த்துக்கொண்டு போனது. ஆறு கடல்வரைக்கும் வந்தது. வந்து அப்படியே நின்றுவிட்டது. ஏனென்றால் ஆறு கடலில் சேரும் இடத்தில் ஆள் உயரத்துக்கு மணல்மேடு அடைத்துக்கொண்டு கிடந்தது. தண்ணீர் பின்வாங்கிப் பின்வாங்கி வாளைமங்கலத்துப் பயிரையெல்லாம் மூழ்கடித்தது.

மூழ்கிய பயிர் மூன்று நாள் தாங்கும். நாலாம் நாள் அழுகும்.

நண்டலாங்குடிக்காரர்களுக்கு ஒரு கவலையும் இல்லை. வீடெல்லாம் மேட்டில். வயலில் பயிரே கிடையாது. வாசலுக்கே நீந்தி வந்த கொடுவா மீனைப் பிடித்துக் குழம்பு வைத்து, ஊரே விரலை நக்கிக்கொண்டிருந்தது.

இரண்டாம் நாள் கலியபெருமாள் நாற்பது ஆளும் நாற்பது மண்வெட்டியுமாகப் படகில் வந்து இறங்கினார். காத்தாயியைப் பார்த்ததும் குதித்தார்.

"தண்ணி தரலைன்னு மணலைக் கொட்டி ஆத்து வாயை அடைச்சிட்டீங்களா? இது அடுக்குமா?"

காத்தாயி பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள், "வெட்டுங்கடா!" என்றார். கடல் ஏறுகிற நேரம் என்றுகூடப் பார்க்காமல் நாற்பது பேரும் ராஜா தேர் போகும் அகலத்துக்கு வெட்டினார்கள். வெட்ட வெட்ட அலை வந்து மணலைக் கொண்டுவந்து கொட்டியது. சாயங்காலம் பார்த்தால் மேடு காலையில் இருந்ததைவிட ஒரு சாண் உயரம்! நண்டலாங்குடிக்காரர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

மூன்றாம் நாள் காலையில் கலியபெருமாள் காத்தாயியைத் தேடி வந்தார். "தாயி, நாளைக்குப் பயிர் அழுகிடும். ஏதாவது வழி இருந்தா சொல்லு" என்றார்.

"சொல்லாதே காத்தாயி! நம்ம நாத்து கருகும்போது இவரு எங்கே போனாரு?" என்றார்கள் ஊரார்.

காத்தாயிக்கும் அப்படித்தான் தோன்றியது. முடியாது என்ற சொல் வாய்வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் கருகின நாற்றைக் கையில் அள்ளிப் பார்த்தவள் அவள். இன்னொரு முறை அப்படிப் பார்க்க அவளுக்கு மனசு இல்லை.

மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். கடல் உள்வாங்குகிற நேரம்வரைக்கும் மேட்டின்மேல் சும்மா உட்கார்ந்திருந்தாள். கலியபெருமாள் தவித்தார், கையைப் பிசைந்தார், இங்கும் அங்கும் நடந்தார். அவள் அசையவில்லை. கடல் நன்றாக இறங்கியதும் எழுந்து, ஒரு முழ அகலத்துக்கு ஒரு கோடு வெட்டினாள். அவ்வளவுதான்.

"இவ்வளவு போதுமா?" என்றார் அவர்.

"மீதியை ஆறு வெட்டிக்கும் ஐயா."

கோட்டில் தண்ணீர் சலசலத்தது. கரையை அரித்தது. ஒரு முழம் இரண்டு கையும் விரித்த அகலமானது. கொஞ்ச நேரத்தில் மேடே கரைந்து, ஆறு கடலுக்குள் பாய்ந்தது. நாற்பது பேரும் கத்திக் கூத்தாடினார்கள். நேற்றுச் சிரித்த ஊரும் சேர்ந்து கத்தியது.

கலியபெருமாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வெட்டின கை உன்னோடது. அடைச்சது யாரு தாயி? அதை மட்டும் சொல்லிடு."

"நீங்கதான் ஐயா" என்றாள் காத்தாயி.

"நானா? நான் இந்தப் பக்கம் வந்ததே இல்லையே!"

"கடல் தினமும் மணலைக் கொண்டாந்து தள்ளும். ஆறு தினமும் அதைத் தள்ளி விடும். நீங்க மேலே ஆத்தை நிறுத்திட்டீங்க. இங்கே தள்ளி விட ஆளில்லே. கடல் கதவைச் சாத்திடுச்சு."

மனிதர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு நாற்பது ஆளையும் திரும்பிப் பார்த்தார்.

"என்னடா வேடிக்கை? நம்ம ஊர்ல மறுநடவுக்குன்னு மேட்டுல புது நாத்து விட்டிருக்கோமே, அத்தனையும் பறிச்சுப் படகுல ஏத்துங்க. இவங்க வயல்ல தண்ணி வடிஞ்சதும் நாமதான் நட்டுக் கொடுக்கணும்!"

அப்படியே நட்டார்கள். சேற்றில் வழுக்கி விழுந்து கலியபெருமாளும் நட்டார். அவர் நட்ட வரிசை கோணல்மாணல் என்று காத்தாயி பிடுங்கி மறுபடி நடச் சொன்னாள். தை மாதம் இரண்டு ஊரிலும் புதுநெல் குத்தினார்கள், ஒருவரும் ஊரைவிட்டுப் போகவில்லை. அதற்கப்புறம் ஒவ்வோர் ஆடியிலும் புதுத்தண்ணீர் முதலில் கடைமடைக்குப் போய், கடலைத் தொட்ட பிறகுதான் தலைமடை வயலுக்கு மடை திறந்தார்கள்.

கேட்டீர்களா? கீழே இருக்கிறவருக்குப் போகிற வழியை அடைக்கிறவர், தன் வழியைத்தான் அடைத்துக்கொள்கிறார்.