ஏழாவது கோப்பை

முன்னொரு காலத்தில் மஞ்சமலை நாட்டைச் சிங்கணமாறன் என்றொரு அரசன் ஆண்டுவந்தான். காலையில் ஒன்று சொல்வான், மாலையில் அதையே மறுப்பான். அவனுக்குப் புத்திசாலியான அமைச்சர் ஒருவர் இருந்தார் என்று சொல்வார்கள். அது நான்தான். பெயர் அடைக்கலநாதன்.

எங்கள் நாட்டில் விளைவது ஒரே திராட்சை, கருமணி. ஒருநாள் அரசருக்கு ஆசை வந்தது. "அடைக்கலநாதரே, கருமணியில் செய்த மதுவுக்கு மட்டும் ஒரு போட்டி வைப்போம். வெளிநாட்டு நிபுணர்கள் ஐந்து பேரை வரவழையும். தலைமை நடுவர் நீர்தான்."

"அரசே, எனக்கு மதுவைப் பற்றி என்ன தெரியும்?"

"உமக்கு மூக்கு பெரிது" என்றார் அரசர். அத்தோடு பேச்சு முடிந்தது.

ஆறு தோட்டங்கள் மது அனுப்பின. முதலில் வருபவருக்குப் பல்லக்கு மரியாதை என்றார் அரசர். அதோடு நிறுத்தவில்லை. கடைசியாக வருபவரின் கொடிகளைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் தாமரைக் குளம் வெட்டவும் உத்தரவிட்டார்.

போட்டிக்கு ஐந்து நாள் முன்னால் எனக்கு ஜலதோஷம் பிடித்தது. பெருங்காயத்தையும் மல்லிகையையும் மாற்றி மாற்றி முகர்ந்து பார்த்தேன். இரண்டும் ஒன்றுதான். விலகியிருக்கலாம். ஆனால் என் நாற்காலிக்காக உக்கிராணத்து அதிகாரி கொண்டலராயர் பல வருடமாகக் காத்திருந்தார். அரண்மனைச் சமையல் சாமான் எல்லாம் அவர் பொறுப்பு. அவரை அதில் உட்காரவைக்க மனம் வரவில்லை. 'நிபுணர்கள் என்ன சொல்கிறார்களோ, அதற்குத் தலையாட்டினால் போகிறது' என்று முடிவு செய்தேன்.

அந்த நிபுணர்களும் அதே முடிவோடு வந்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது.

முதல் கோப்பை வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு, தும்மலை அடக்கக் கண்ணை மூடினேன். யவன நாட்டு நிபுணர் என் முகத்தைப் பார்த்தார். "ஆழ்ந்த மது. கண்ணை மூடிக்கொண்டுதான் இதைக் குடிக்கவேண்டும்" என்றார். மற்ற நால்வரும் ஆமோதித்தார்கள். மூன்றாவது கோப்பைக்கு என் புருவம் தானாக உயர்ந்தது. "மழையில் நனைந்த பாறையின் வாசனை" என்றார் சீனத்து நிபுணர்.

நான்காவது கோப்பையில் எனக்கு இருமல் வந்துவிட்டது. அவ்வளவுதான். "தொண்டையைக் கிழிக்கிறது", "கசப்பு", "இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்" என்று ஐவரும் அதைக் கடைசியில் தள்ளினார்கள். அது ஒச்சம்மாளின் மது. அந்த அம்மா தூணோரமாக நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆறு கோப்பையும் முடிந்ததும், கடப்பாரையோடு நால்வரை அவள் தோட்டத்துக்கு அனுப்பச் சொன்னார் அரசர்.

அப்போது கொண்டலராயர் ஏழாவது கோப்பையோடு வந்தார். "தாமதமாக வந்த ஒரு தோட்டத்து மது, அரசே. இதையும் பார்த்துவிடட்டும்."

குடித்தேன். நாக்கு சுருக்கென்றது. மற்றபடி ஒன்றும் தெரியவில்லை. ஏதாவது செய்தாகவேண்டுமே என்று மெல்லத் தலையாட்டினேன். ஐந்து நிபுணர்களும் எழுந்தே நின்றுவிட்டார்கள். "இப்படி ஒன்றை நான் குடித்ததே இல்லை" என்றார் யவனர். அது மட்டும் உண்மையாக இருந்திருக்கலாம். அரசரும் வாங்கிக் குடித்தார். அவர் கண்ணில் நீர் வந்தது. "பாருங்கள், ஆனந்தக் கண்ணீர்" என்றார்.

"அரசே, அது எலுமிச்சை ஊறுகாய்க்கு ஊற்றும் காடி" என்றார் கொண்டலராயர். "அமைச்சர் தும்முவதை நாலு நாளாகப் பார்க்கிறேன். அவர் யோக்கியதையைக் காட்டத்தான் கொண்டுவந்தேன்."

அரசரின் முகம் கறுத்தது. "என்ன சொல்கிறீர், அடைக்கலநாதரே?"

என்னிடம் ஒரு பொய் தயாராக இருந்தது. 'காடி என்று தெரியும், நிபுணர்களைச் சோதித்தேன்' என்று சொன்னால் தப்பித்துவிடலாம். ஆனால் நாக்கு அவ்வளவு கூர்மை என்றால், நான்காவது கோப்பைக்கு நான் இருமியதும் தீர்ப்பாகிவிடும். தூணோரம் பார்த்தேன். ஒச்சம்மாள் அழவில்லை. கடப்பாரைக்காரர்கள் போன வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அரசே, எனக்குச் சளி. கருவாட்டை மூக்கில் வைத்தாலும் சந்தனம் என்பேன். இன்று நான் காட்டிய முகமெல்லாம் தும்மலும் இருமலும்தான். ஒச்சம்மாளின் மது எப்படி என்று எனக்குத் தெரியாது. என் பதவியை எடுத்துக்கொள்ளுங்கள், ஆட்களைத் திரும்பக் கூப்பிடுங்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன். நான் சளியால் காடியைப் புகழ்ந்தேன். இந்த ஐந்து பேரும் எதனால் புகழ்ந்தார்கள்?"

சீனத்து நிபுணர் மெதுவாகக் கைத்துணியை எடுத்து மூக்கைத் துடைத்தார். யவனர் மூக்கை உறிஞ்சினார். சிறிது நேரத்தில் ஐவருக்கும் கடுமையான ஜலதோஷம். அரசருக்கும் லேசாக ஒரு இருமல் வந்தது.

இருமி முடித்துவிட்டு அவர் கொண்டலராயரைப் பார்த்தார். "நான் கோப்பையை வாயில் வைக்கும்போது அது காடி என்று உமக்குத் தெரியும்."

"ஆமாம், அரசே. அதாவது..."

"பார்த்துக்கொண்டு நின்றீர்."

மிச்சக் காடியை அவரையே அங்கே குடிக்கச் சொன்னார் அரசர். குடித்தார். புகழவில்லை.

அரசர் அனுப்பிய குதிரைக்காரன் விரைந்து போய் ஆட்களைத் திருப்பினான். இரண்டு கொடிதான் போயிருந்தது. ஆறு மதுவையும் ருசி பார்க்கச் சொல்லி ஒச்சம்மாளையே அழைத்தார் அரசர். அவள் நிதானமாகக் குடித்தாள். "ரெண்டாவது சாடிதான் ஒசத்தி, மகராசா. என்னுது மூணாவது வரும். இந்த வருசம் மழை முந்திருச்சு" என்றாள். இனி கருமணி வளர்ப்பவர்களே ஒருவர் மதுவை ஒருவர் மதிப்பிடட்டும், குளமும் வேண்டாம் என்று அரசர் தீர்ப்பு மாற்றினார். எனக்குப் பட்டாடை போர்த்தி, சளியையே வலையாக விரித்த மதியூகி என்று புகழ்ந்தார். மறுக்க வாயெடுத்தேன். தும்மல்தான் வந்தது.

வாசலில் ஒச்சம்மாள் சாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"அய்யா, நெசமாவே சளிதானே?"

"ஆமாம்மா."

"அப்ப, வேணும்னு செய்யல."

"இல்லை."

பட்டாடையை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். "மெளகு ரசம் வச்சுக் குடிங்க" என்று சொல்லிவிட்டு, பிடுங்கிய இரண்டு கொடியையும் திரும்ப நட நேரமாயிற்றென்று விறுவிறுவென நடந்தாள்.