ராசாவின் வட்டம்

மாடப்பன் இருபது வருஷம் ராசாவின் காவல்படையில் வேல் பிடித்தவர். தலை நரைத்த பிறகுதான் மங்கைத்தாய் என்ற துறவியிடம் சீடராகச் சேர்ந்தார். மங்கைத்தாய்க்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். ஊரில் சிலர் வாய்க்குள் சிரித்தார்கள். மாடப்பன் கண்டுகொள்ளவில்லை. படைத்தலைவன் சொன்னதை எப்படிக் கேட்டாரோ, அப்படியே இவள் சொன்னதையும் கேட்டார். அவருக்குத் தெரிந்த பக்தி அது ஒன்றுதான்.

ஒருநாள் உச்சிவெயிலில் இருவரும் குயவர் தெருவுக்குள் நுழைந்தார்கள். தெரு நடுவில் மண்ணில் ஒரு வட்டம் கீறியிருந்தது. அதற்குள் மூக்காயி என்ற குயவப் பெண் சுருண்டு கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. பக்கத்தில் ஒரு காவலன் வேலோடு நின்றான்.

அந்த நாட்டு வழக்கம் அது. காவலன் வேல்நுனியால் ஒருவரைச் சுற்றிக் கோடு இழுத்து, "ராசா ஆணை" என்பான். சொன்ன வேலைக்கு ஒத்துக்கொள்ளும் வரை அவர் வெளியே வரக் கூடாது. மற்றவர்கள் உள்ளே சோறோ தண்ணீரோ நீட்டக் கூடாது. கயிறு இல்லை, விலங்கு இல்லை, வெறும் கோடு. ஆனாலும் அதை ஒருவரும் தாண்டியதில்லை. வெட்கக்கேடு!

கோட்டைச் சுவருக்குக் கல் சுமக்க வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டுமாம். போன வருஷம் மூக்காயியின் புருஷன் போனான். கல் சரிந்து அங்கேயே நசுங்கிச் செத்தான். இந்த வருஷம் அவளைக் கூப்பிட்டார்கள். மாட்டேன் என்றாள். விடிந்ததிலிருந்து வட்டத்துக்குள் கிடக்கிறாள். தெருவில் அத்தனை வீட்டிலும் பானை பானையாகத் தண்ணீர் இருந்தது. அத்தனை கதவும் சாத்தியிருந்தது.

மாடப்பன் மங்கைத்தாயிடம் திரும்பினார்.

"அநியாயம் தாயே! புருஷனைப் பறிகொடுத்தவளைப் போய் இந்தப் பாடு படுத்துறாங்களே!"

"அப்ப இந்தத் தண்ணியைக் கொண்டுபோய் அவளுக்குக் குடும்," என்று மங்கைத்தாய் தன் செம்பை நீட்டினாள்.

மாடப்பன் கையை இழுத்துக்கொண்டார். "ஆணை தப்புதான். அதுக்காக மீறலாமா? ஆளாளுக்கு மீறினா நாடு என்ன ஆகும்? ராசாவுக்குக் கட்டுப்படறது நம்ம கடமையில்லையா?"

"அடுத்த வீட்டுக்காரனை இழுத்துட்டுப் போய் நீரு கல் சுமக்க வைக்கலாமா?"

"அது அடாவடி."

"பத்துப் பேரு கூடிப் பேசி முடிவு பண்ணிட்டு இழுத்துட்டுப் போனா?"

"அதுவும் அடாவடிதான்."

"நூறு பேரு?"

"நூறு பேரானா மட்டும் என்ன தாயே?" மாடப்பனுக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"அப்ப ஒருத்தர்கிட்டயும் இல்லாத உரிமையை ராசாவுக்கு யாரு குடுத்தா?"

மாடப்பன் தலையைச் சொறிந்தார். "ராசா நம்மளைக் காப்பாத்துறாரே."

"இவளையா?"

மாடப்பன் அப்போதும் செம்பை வாங்கவில்லை. இருபது வருஷப் பழக்கம் லேசில் விடுமா?

மங்கைத்தாய் கீழே கிடந்த குச்சியை எடுத்து மாடப்பனைச் சுற்றி ஒரு வட்டம் கீறினாள். "இது என் ஆணை. நான் சொல்ற வரைக்கும் தாண்டக் கூடாது. எது நடந்தாலும் சரி."

"உங்க வார்த்தையை நான் என்னைக்குத் தாண்டியிருக்கேன்?" என்று மாடப்பன் கைகட்டி நின்றார். ராசா ஆணையைவிட அவருக்கு அது பெரிது.

மங்கைத்தாய் செம்போடு மூக்காயியிடம் நடந்தாள். காவலன் குறுக்கே வந்தான்.

"கிட்ட வராதீங்க. ராசா ஆணை."

"விலகப்பா. தாகத்துல கிடக்கா."

அவன் வேல்கம்பைத் திருப்பி அவள் தோளில் ஓங்கி அடித்தான். மங்கைத்தாய் மண்ணில் விழுந்தாள். செம்பு சாய்ந்து பாதித் தண்ணீர் கொட்டியது. அவன் மறுபடி ஓங்கினான்.

கம்பு இறங்கவில்லை. மாடப்பன் அதைப் பிடித்திருந்தார். எப்போது ஓடிவந்தார் என்று அவருக்கே தெரியாது.

"கை வைப்பியாடா? தண்ணி கொண்டுவந்தவளை அடிக்கத்தான் உன் கையில வேல் குடுத்தாங்களா?" கம்பைப் பிடுங்கித் தூர எறிந்தார். காவலன் பின்வாங்கி நின்றான்.

மங்கைத்தாய் தோளைப் பிடித்தபடி எழுந்து உட்கார்ந்தாள்.

"தாண்டக் கூடாதுன்னு சொன்னேனே?"

"உங்களை அடிக்கிறான் தாயே! பார்த்துட்டு நிக்கச் சொல்றீங்களா?"

"என் ஆணை என்ன ஆச்சு?"

"அதையெல்லாம் யாரு நினைச்சா? கண்ணு முன்னால அநியாயம் நடக்குது!"

மங்கைத்தாய் முகத்தில் அதுவரை இல்லாத கோபம் ஏறியது. மூக்காயியைக் காட்டினாள்.

"இவளுக்கு விடிஞ்சதுலேருந்து நடக்குது. இவ விஷயத்துல மட்டும் நீரு கடமையைப் பத்திக் கேட்டீரே?"

மாடப்பன் செம்பில் மிச்சமிருந்த தண்ணீரை எடுத்துக்கொண்டு வட்டத்துக்குள் போனார்.