மகுடேசன் வீட்டுக் கதவு

பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு அது; கதாபாத்திரம் எடுத்த காரியம் பலிக்குமா என்பதைப் பகடையில் விழும் எண் சொல்லும். கதையை நடத்துகிற மகுடேசன் வைத்ததுதான் சட்டம். கதையில் ராஜாவும் அவரே. தூக்குமேடையில் நிற்கும் தோழர்களை மீட்க வேண்டிய தூதுவராக ஆடியவள், திக்கித் திக்கிப் பேசும் செண்பகா. அவள் பகடையை எடுத்தாள்.

"பகடையெல்லாம் கிடையாது. ராஜா மனசு இளகுற மாதிரி நீயே பேசிக் காட்டு!" என்றார் மகுடேசன்.

"ச... சரி சார். ரஷீதோட வீரன் இப்பத்தான் பகடை போட்டுக் கோட்டைக் கதவை உடைச்சான். முதல்ல ரஷீத் உங்க வீட்டுக் கதவை உ... உடைச்சுக் காட்டட்டும். அப்புறம் நான் பேசறேன்."

கூட ஆடிக்கொண்டிருந்த ரஷீத் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்தான். மகுடேசன் ஓடிப்போய்க் கதவை மறித்து நின்றார்.

"தேக்குக் கதவுடா! அம்மா தாயே, நீ பகடையே போடு!"

"எ... எதுக்கு சார்? அதான் ராஜா மனசு இளகிடுச்சே!"

பகடை உருளாமலே தூக்குக் கயிறு அவிழ்ந்தது.