மூன்று முறை பார்த்த இறக்கை

ஸ்ரீநகரில் காலையிலிருந்தே பனி. ஓடுபாதைக்குப் போகும் வரிசையில் சென்னை விமானம் நின்றுகொண்டிருந்தது.

துணை விமானி ஜெகவீரனுக்கு நாற்பத்தேழு வயது. கடற்படையில் ஹெலிகாப்டர் ஓட்டியவர். பயணிகள் விமானத்துக்கு வந்து இதுதான் முதல் குளிர்காலம். அவருக்குக் கற்றுக்கொடுப்பவர் கேப்டன் ரெஜினா. அவரைவிடப் பத்து வயது இளையவர். அன்று சாயங்காலம் சென்னையில் ஜெகவீரனின் மகளுக்கு நிச்சயதார்த்தம். மனுஷனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

இறக்கையில் பனி உறையாமலிருக்கத் திரவம் தெளித்திருந்தார்கள். அது எவ்வளவு நேரம் தாங்கும் என்பதற்கு ஓர் அட்டவணை உண்டு.

"அட்டவணைப்படி இன்னும் நேரம் இருக்கு மேடம்," என்றார் ஜெகவீரன். "கிளம்பிடலாம்."

ரெஜினா எழுந்து பயணிகள் பக்கம் போனார். ஜன்னல் வழியே இறக்கையைப் பார்த்துவிட்டு வந்தார்.

"திரவத்தோட பளபளப்பு போயிடுச்சு சார். மேல பனி உட்கார ஆரம்பிச்சிருக்கு. திரும்பிப் போய் மறுபடி தெளிக்கச் சொல்லுவோம்."

"அப்ப அட்டவணை எதுக்கு?"

"பனி திடீர்னு இப்படிக் கொட்டும்னு அதுக்கு எப்படித் தெரியும்? நாமதான் பார்க்கணும்."

போனார்கள், தெளித்தார்கள், வரிசையின் கடைசியில் வந்து நின்றார்கள். ஐயோ, அந்த வரிசை! நகர்வேனா என்றது. பனி குறைந்தது. ஆனால் அட்டவணை நேரமும் முடிந்துபோனது.

இந்த முறை ஜெகவீரன் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு மூச்சு வாங்க வந்தார்.

"இறக்கை சுத்தமா இருக்கு மேடம். இப்பக் கிளம்பினாத்தான் தட்டு மாத்தற நேரத்துக்குப் போக முடியும். நாமதான் பார்க்கணும்னு நீங்கதானே சொன்னீங்க!"

"பார்த்தது கண்ணா சார், நிச்சயதார்த்தமா?"

ஜெகவீரனுக்குச் சுருக்கென்றது. கோபம்கூட வந்தது. பிறகு அவரே ரேடியோவில், திரும்பி வருகிறோம் என்று சொன்னார்.

மூன்றாம் முறை தெளித்துவிட்டு வந்தபோது முன்னால் ஒரே ஒரு விமானம்தான். ஜெகவீரன் நிதானமாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"சுத்தம். ஆனா ஒண்ணு கேக்கணும் மேடம். ஒரு தடவை அட்டவணையை நம்பலை, ஒரு தடவை கண்ணை நம்பலை. நான் எதைத்தான் நம்பறது?"

"நிக்கச் சொன்னா, எது சொன்னாலும் நில்லுங்க. போகச் சொன்னா, ரெண்டும் சொல்லுதான்னு பாருங்க."

ஜெகவீரன் அட்டவணையைப் பார்த்தார். நேரம் மிச்சமிருந்தது.

"ரெண்டும் சொல்லுது மேடம்."

"அப்ப நீங்களே ஓட்டுங்க சார். தட்டு மாத்தும்போது இல்லைன்னாலும், பொண்ணுகிட்ட போய்ச் சேர்ந்துடுவீங்க."